மூழ்காத துண்டு

பிரேமலதாவின் வீடியோ ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி ஓடியது. முத்துசெல்வி அதை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு பேபி அக்காவின் போனில். பேபி வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.

“இது உங்க வீட்டு வாளிதான?” என்று பேபி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வாளி மட்டுமில்லை. பின்பக்கத்துக் குழாயடி, கொடியில் காயும் குழந்தைச் சட்டைகள், முத்துசெல்வியின் நீல நைட்டி எல்லாமே அதில் இருந்தன. நடுவில் அவளுடைய நாத்தனார் பிரேமலதா பளபளவென்று சேலை கட்டி நின்றாள். “எங்க தம்பி வீட்டுல துணி தொவைக்கிற லட்சணத்தப் பாருங்க. பச்சப்புள்ளைக்குக் கட்டுத துணி இது. ஒடம்பு புண்ணாகாம என்ன செய்யும்?” என்றபடி ஒரு துணியைத் தெளிந்த தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். தண்ணீர் கறுத்தது. அடுத்ததாக ரோஸ் நிறப் பாட்டிலைத் திறந்து ஒரு மூடி ‘மென்சாரல்’ ஊற்றினாள். படம் ஒரு வெட்டு வெட்டித் திரும்பி வந்தபோது அவள் கையில் வெள்ளைவெளேர் என்று ஒரு துணி இருந்தது. அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

தண்ணீரைக் கறுக்கவைத்த துணியை முத்துசெல்விக்கு நன்றாகத் தெரியும். அவள் கணவன் மந்திரமூர்த்தி பைக் துடைக்கிற கிழிந்த மஞ்சள் பனியன் அது. செயின் எண்ணெய் குடித்துக் குடித்து ஊறிப்போனது. குழாயடிச் சுவரில் கிடக்கும்.

வீடியோ எடுத்த நேரத்தில் முத்துசெல்வி வீட்டில் இல்லை. பத்து மாதக் குழந்தை வல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

குழந்தையின் தொடைப் புண்ணுக்கு ஒரு மாதக் கதை இருந்தது. கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். அதைக் குடிக்கப் பிடித்துவைத்துவிட்டு, துவைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரைத்தான் எடுப்பார்கள். அதில் துவைத்த துணி வெயிலில் காய்ந்தால் அட்டைபோல விறைக்கும். துணியை மெத்தென்று ஆக்கும் மென்சாரல் ஊரில் பரவியதே அதனால்தான். பிரேமலதா அந்தக் கம்பெனியின் ஆளாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய்க் கூட்டம் போட்டாள், வாட்ஸப் குழு நடத்தினாள். தம்பி வீட்டுக்கு நாலு பாட்டில் கொண்டுவந்து வைத்தாள். மாமியார் சுடலையம்மாள் மகள் கொடுத்ததாயிற்றே என்று குழந்தையின் இடுப்புத்துணியை அலசுகிற தண்ணீரில் மூடி மூடியாக ஊற்றினாள். துணி மெத்தென்று ஆனது. வாசம் தெருமுனை வரைக்கும் அடித்தது. மூன்றாம் வாரம் வல்லியின் தொடையிடுக்கில் சிவந்து, பிறகு தோல் உரிந்தது.

“சோப்ப ஒழுங்கா அலசாம காயப் போடுதா, அதான்” என்று பிரேமலதா தீர்ப்புச் சொன்னாள். மாமியாரும் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா களிம்பு எழுதிக்கொடுத்து, வாசனை சேர்த்த எதையும் குழந்தைத் துணியில் போடவேண்டாம் என்று சொன்னார். அதை வீட்டில் வந்து சொல்லலாம் என்று முத்துசெல்வி ஆட்டோவில் வந்து இறங்கியபோதுதான் வேலை விட்டு வந்த பேபி தன் வாசலில் போனுடன் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவனுக்கு அவள் வீடியோவைக் காட்டினாள். அவன் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். பார்த்து முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“இது உங்க வண்டி தொடைக்கிற பனியன்தான?”

“ஆமா.”

“ஒங்க அக்கா அத எம்புள்ள துணின்னு சொல்லுதாவ.”

“வியாபாரம்னா நாலும் சொல்லத்தான் செய்வாவ. வெளாட்டுக்குச் செஞ்சிருப்பா. விடு.”

அவள் விடவில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல அதன்பிறகு மனசு வரவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் கீரை விற்பவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பால்வாடிப் பக்கம் இரண்டு பெண்கள் வல்லியின் சட்டையை எட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொன்னார்கள். ஒரு வாரத்தில் பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை எல்லாம் முத்துசெல்வி ஒன்று விடாமல் படித்தாள். ‘இதெல்லாம் ஒரு தாயா’ என்று எழுதியவளின் படத்தில் கையில் குழந்தை இருந்தது. அந்த முகத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, குழந்தையுடன் சத்திரப்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு முன் அந்த ஊரில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவள் ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தாள். வெறும் வேலை இல்லை, பரிசோதனை அறையில் வேலை. பஞ்சுக்குப் பிறவியிலேயே மெல்லிய மெழுகு உண்டு. அதை வேகவைத்து எடுத்தால்தான் பஞ்சு தண்ணீர் குடிக்கும், இரத்தத்தை உறிஞ்சும். எடுத்தார்களா இல்லையா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு கொத்துப் பஞ்சைத் தண்ணீரில் போட்டு விநாடி எண்ணவேண்டும். பத்துக்குள் மூழ்கினால் அந்தச் சரக்கு வெளியே போகும். மிதந்தால் திரும்ப வேகவைக்கும் கொப்பரைக்குப் போகும். அவள் திருப்பி அனுப்பிய சரக்கை எந்த மேஸ்திரியும் மல்லுக்கட்டி முன்னே தள்ளியதில்லை.

அம்மா வீட்டில் குழந்தைத் துணியை வெறும் சோப்பில் துவைத்து இரண்டு தண்ணீரில் அலசினாள். ஏழாம் நாள் வல்லியின் தோல் சமமாகிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த துண்டில் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்தபோதுதான் அவள் கை நின்றது. துண்டு ஈரத்தைத் துடைக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனது. அதே துண்டின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, சருவச் சட்டித் தண்ணீரில் போட்டாள். பழைய பழக்கத்தில் வாய் எண்ணியது. பத்து, இருபது, நாற்பது. துணி மேலேயே படுத்துக் கிடந்தது. அம்மா வீட்டுத் துண்டில் ஒரு ஓரம் வெட்டிப் போட்டாள். நாலு எண்ணுவதற்குள் அடியில் போய் உட்கார்ந்தது.

மென்சாரல் என்ன செய்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தான் ஐந்து வருடம் எதை எடுத்தாளோ அதுபோன்ற ஒரு வழுவழுப்பைத் துணிமேல் பூசுகிறது. பூசினால் மெத்தென்று இருக்கும், கைக்கு இதமாக இருக்கும். ஆனால் துண்டு ஈரத்தைத் துடைக்காது. இடுப்புத்துணி ஈரத்தைக் குடிக்காமல் பிள்ளையின் தோலிலேயே நிறுத்திவைக்கும். வாசனை வேறு அந்தத் தோலை அரிக்கும்.

அம்மா சொன்னாள், “போயி மாப்பிள்ளகிட்டயும் அவிய அம்மாகிட்டயும் காட்டு. வெளங்கிரும்லா.”

“நாலு செவுத்துக்குள்ள காட்டினா அங்கனயே செத்துப்போவும்மா. என்னைய ஊரே பாத்திச்சு. ஊரு பாக்கத்தான் காட்டணும்.”

கோவில்பட்டிக்குத் திரும்பிய அன்றைக்கே அவள் பிரேமலதா வீட்டுக்குப் போனாள். கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாள். நாத்தனார் கதவைத் திறந்தவுடன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மதினி, நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தொவைக்கத் தெரியல. சொல்லித்தாங்க.”

பிரேமலதா போளிப் பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவேண்டும். பிறகு முகம் மலர்ந்தது. “உள்ள வாட்டி. நான் என்ன ஒனக்குக் கெட்டதா செய்வேன்?” என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அந்தக் கையைப் பிடித்தபடியே முத்துசெல்வி சிரித்தாள்.

நாலு மாதம் அவள் பொறுத்திருந்தாள். பிரேமலதா கூட்டம் போட்ட வீடுகளுக்கெல்லாம் பாட்டில் பையைச் சுமந்தாள். துணி மடித்துக் கொடுத்தாள். தன் வளைகாப்புக்கு வந்த ஒரே மாதிரி இரண்டு டர்க்கி டவலை எடுத்து, ஒன்றை மாமியார் கண்முன்னால் வாரத்துக்கு ஒருமுறை மென்சாரல் ஊற்றி அலசினாள். மற்றதை வெறும் சோப்பில் துவைத்துப் பீரோவுக்குள் வைத்தாள். வல்லியின் துணிகளை மட்டும் விடியுமுன் தனியாகத் துவைத்து, குடிதண்ணீரில் கடைசி அலசு அலசி, பேபியின் மொட்டைமாடியில் காயப்போட்டாள். பேபிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“பாத்தியா, மருந்து கேட்ருச்சு” என்று பிரேமலதா குழந்தையின் தொடையைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த வீடியோவில் அதையும் சொன்னாள். வல்லியைத் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னாள். அன்று மட்டும் முத்துசெல்விக்குப் பொறுமை அறுந்துபோகப் பார்த்தது. சமையலறைக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள்.

பங்குனியில் பிரேமலதாவுக்கு அழைப்பு வந்தது. கம்பெனி அவளை மண்டலத் தலைவி ஆக்குகிறது. எட்டயபுரம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் விழா. மதுரையிலிருந்து கோகுலகிருஷ்ணன் என்ற அதிகாரி வந்து மாலை போடுவார். பிரேமலதாவைப் பன்னிரண்டாம் வகுப்புக்குமேல் படிக்க வீட்டில் விடவில்லை. மேடையில் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்தில்தான் கடைசி. பத்து நாளாக அவள் காலே தரையில் பாவவில்லை. சேலைக்கு ஏற்ற ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்:

“முத்துசெல்வி, நீதான் மொதல்ல பேசணும். மொத வீடியோவுல இருந்த வீட்டுக்காரி நான்தான்னு சொல்லு. முன்ன எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன்னு சொல்லு. அது போதும்.”

“சொல்லுதேன் மதினி. கையில துணியோடயே சொல்லுதேன்.”

மண்டபத்தில் எண்பது பெண்களுக்குமேல் வந்திருந்தார்கள். பசுவந்தனையிலிருந்தும் கடம்பூரிலிருந்தும்கூட வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். மந்திரமூர்த்தி நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றான். சுடலையம்மாள் முன்வரிசையில் வல்லியை மடியில் வைத்திருந்தாள். யாரோ இரண்டு பேர் மேடையைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூப்பிட்டதும் முத்துசெல்வி ஒரு துணிப்பையோடு ஏறினாள். பைக்குள்ளிருந்து ஒரு பெரிய கண்ணாடிச் சட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். பிரேமலதா அதை ஏதோ புது யோசனை என்று நினைத்து, அதிகாரியைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தாள்.

“என் பேரு முத்துசெல்வி. மென்சாரல் வீடியோவுல அழுக்குத் துணி தொவைக்கிறவன்னு நீங்க பாத்தது என் வீட்ட” என்று ஆரம்பித்தாள். “இது ரெண்டும் என் வளகாப்புக்கு ஒன்னா வந்த துண்டு. இது நாலு மாசமா மென்சாரல்ல அலசினது. எங்க அத்த கண்ணால பாத்திருக்காவ. இது வெறும் சோப்புல தொவச்சது. ரெண்டுலயும் ஒரு ஓரம் வெட்டுதேன். எல்லாரும் என்கூட எண்ணுங்க.”

சோப்புத் துண்டை முதலில் போட்டாள். பெண்கள் விளையாட்டுபோல எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் துணி அடியில் கிடந்தது. மற்றதைப் போட்டாள். பத்து, இருபது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னே வந்தார்கள். நாற்பதைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அறுபதில் முத்துசெல்வி கையைத் தூக்கினாள். துணி தண்ணீர்மேல் இலைபோலக் கிடந்தது.

“நான் பேண்டேஜ் கம்பெனியில இருந்தவ. இப்படி மெதந்தா காயத்துல வைக்கக்கூடாதுன்னு திருப்பி அனுப்புவோம். இதத்தான் எம்புள்ள இடுப்புல கட்டினாங்க. ஈரத்த இது குடிக்காது. தோலு புண்ணாச்சு. சரியானது இத நிப்பாட்டினதுக்குப் பொறவுதான். பேபி அக்கா மாடியில தனியாக் காயப்போட்டேன், கேட்டுப்பாருங்க.”

கூட்டத்தின் நடுவிலிருந்து பேபி எழுந்து நின்று, “ஆமா” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

பிரேமலதா மைக்கைப் பிடிக்க வந்தாள். “ஏட்டி, என்ன பேசுத நீ? கீழ எறங்கு.”

“இன்னும் ஒன்னே ஒன்னு மதினி.” முத்துசெல்வி பையின் அடியிலிருந்து அந்த மஞ்சள் பனியனை எடுத்து விரித்துப் பிடித்தாள். கறுப்பெண்ணெய் திட்டுத்திட்டாக இருந்தது. “வீடியோவுல தண்ணிய கறுக்கவச்ச துணி இதுதான்.” அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். “ஏங்க, இது யாரு துணின்னு சொல்லுங்க.”

எல்லாத் தலையும் மந்திரமூர்த்தி பக்கம் திரும்பின. அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். நாலு மாதத்துக்கு முன் ‘விடு’ என்று சொன்ன அதே முகத்தை அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வண்டி தொடைக்கிற துணி” என்றான்.

மண்டபத்தில் எழுந்த சத்தம் முத்துசெல்விக்கு மழைச்சத்தம்போல இருந்தது. கோகுலகிருஷ்ணன் மாலையை எடுக்கவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் காரில் ஏறினார். புது ஜாக்கெட்டின் கைகள் இறுக்கிப் பிடிக்க, பிரேமலதா மேடை நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். அழவில்லை. பெண்கள் கூட்டமாகப் போய்ச் சட்டிக்குள் கைவிட்டு அந்தத் துணியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மூன்று நாளும் பிரேமலதாவின் வாசலில் ரோஸ் பாட்டில்கள் வந்து சேர்ந்தன. பாதி தீர்ந்தவை, திறக்காதவை எல்லாம். சிலர் கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். வாட்ஸப் குழுவில் பாதிப்பேர் வெளியேறினார்கள். முத்துசெல்வி ஒவ்வொரு பேராகப் பார்த்தாள். மந்திரமூர்த்தி வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். பனியனைத் துவைத்துக் காயவைத்து எங்கேயோ தூரப்போட்டான்.

நாலாம் நாள் காலையில் பிரேமலதா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வாசலிலேயே நின்று பேசினாள்.

“கம்பெனிக்காரன் போன எடுக்க மாட்டேங்கான்.”

முத்துசெல்வி குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

“நான் செஞ்சது தப்புத்தான். அந்த வீடியோவ எடுத்துட்டேன். ஆனா ஒன்னு கேக்கேன். சட்டைக்கும் சேலைக்கும் அது நல்லதுதானட்டி? உப்புத்தண்ணியில வெறச்சுப்போற துணி மெத்துனு ஆவுதுலா. துண்டுக்கும் புள்ளத் துணிக்கும் மட்டும் வேண்டாம்னு நீ சொல்லிருந்தா எனக்குப் பாதிப் பொழப்பாச்சும் மிஞ்சிருக்கும்.”

“சொல்லிருக்கலாம்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“அது வண்டித் துணின்னு நீங்க தெரிஞ்சும் சொன்னீங்களா மதினி?”

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சுடலையம்மாளின் கைச்சத்தம் நின்றது.

“இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுத?”

முத்துசெல்வி கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள். “பின்பக்கம் வாங்க. அதே எடத்துல நின்னு சொல்லுங்க. அது என் தம்பி வண்டித் துணி, நான் பொய் சொன்னேன், முத்துசெல்வி சுத்தமாத்தான் தொவைக்கிறான்னு.”

பிரேமலதா குழாயடியில் நின்று சொன்னாள். முதல்முறை சத்தமே வரவில்லை. இரண்டாம் முறை ‘பொய்’ என்ற இடத்தில் தரையைப் பார்த்தாள். “நிமிந்து சொல்லுங்க. அன்னைக்கு நல்லா நிமிந்துதான் சொன்னீங்க” என்று முத்துசெல்வி மறுபடி எடுத்தாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. ஐம்பது விநாடி.

“போதும்மா, விட்ரு” என்று சுடலையம்மாள் கதவோரத்திலிருந்து சொன்னாள். மருமகளை அவள் ‘அம்மா’ என்று சொன்னது அதுதான் முதல்தடவை. முத்துசெல்வி மாமியார் கண்முன்னாலேயே அதை வெளியிட்டாள்.

வாரம் முடியும்போது நானூறு பேர்கூட அதைப் பார்க்கவில்லை. பழையதைப் பார்த்த பதினோராயிரம் பேரில் மீதிப் பேருக்கு அவள் இன்னமும் அழுக்குக்காரிதான். தினமும் அந்த எண்ணைத் திறந்து பார்த்தாள். அது ஏறவில்லை என்பது பல் இடுக்கில் மாட்டியதுபோல உறுத்தியது. நானே ஒன்று எடுத்துச் சட்டைக்கும் சேலைக்கும் கொஞ்சமாகப் போடலாம் என்று சொன்னால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. யாருக்கோ உதவும். நாத்தனாருக்கும் உதவும் என்று நினைவு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று காலையில், வீடியோ வெளியான கையோடு, பிரேமலதா கேட்டைத் திறந்து தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தம்பி வீடுதான். ஆனா இனிமே இந்த வாசல நான் மிதிக்க மாட்டேன்.”

“மிதிக்கலாம் மதினி” என்றாள் முத்துசெல்வி. “கால கழுவிட்டு வாங்க.”

பிரேமலதா வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, குடத்தோடு நின்ற பெண்களைக் கடந்து, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து போனாள். அவள் தெருமுனையில் திரும்பும்வரை முத்துசெல்வி கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

மதியம் மாமியார் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். முத்துசெல்விக்கு மாதக்கணக்காகச் சோறு இறங்கியதில்லை. அன்று நன்றாகப் பசித்தது. முதலில் போட்ட சோற்றைத் தின்று முடித்தபோது, வேண்டுமா என்று கேட்காமலே சுடலையம்மாள் இன்னொரு கரண்டி சோறு அள்ளி வைத்தாள். முத்துசெல்வி நிமிர்ந்து பார்க்காமல் அதையும் பிசைந்து சாப்பிட்டாள்.